லிஃப்ட் மெக்கானிக்கிடம் நாற்பத்து மூன்று கேள்விகள்

கேட்டால் சொல்லிவிடுவது லிஃப்ட் மெக்கானிக்கின் சுபாவம். இரண்டு மாடிகளுக்கு நடுவே லிஃப்ட் நின்றுபோய், உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் கதவைத் தட்டி, "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று அலறினால் மற்ற மெக்கானிக்குகள் "அஞ்சே நிமிஷம்" என்பார்கள். இவர், "பிரேக் காயில் எரிஞ்சிருக்கு. நாற்பது நிமிஷம் ஆகும். நாற்பத்தஞ்சுகூட ஆகலாம்" என்பார். ஒருமுறை உள்ளே இருந்த பெண்மணி அதைக் கேட்டதும் மயங்கி விழுந்துவிட்டார். நாற்பத்திரண்டாவது நிமிடத்தில் அவரை வெளியே தூக்கியபோது, தான் சொன்ன நேரம் சரியாக இருந்ததில் மெக்கானிக்குக்கு உள்ளூர ஒரு திருப்தி.

வயது நாற்பத்தாறு. இருபது வருடமாக ஒப்பந்த வேலை. ஆறு மாதம் இங்கே, எட்டு மாதம் அங்கே என்று ஓடியது. கடைசியாக ஒரு வணிக வளாகத்தில் ஒப்பந்தம் முடிந்தபோது அங்கிருந்த மேற்பார்வையாளர் கையைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு மாசம் பொறுங்க. புது ஒப்பந்தம் போட்டதும் நானே கூப்பிடறேன்" என்றார். அந்த இரண்டு மாதமும் சும்மா இருக்க வேண்டாமே என்றுதான் மெக்கானிக் ஆள்சேர்ப்பு நிறுவனத்துக்குப் போனார். சும்மா இருந்திருக்கலாம்.

நிறுவனம் ஒரு கட்டடத்தின் நான்காம் மாடியில் இருந்தது. வரவேற்பறைச் சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு காது வரைந்து, அதன் கீழே 'உங்களுக்காகக் கேட்கிறோம்' என்று எழுதியிருந்தார்கள். செவிமடுக்கிறோம் என்று சொல்ல வருகிறார்கள் போல என்று மெக்கானிக் நினைத்துக்கொண்டார். அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு என்பது அவருக்கு அப்போது தோன்றவில்லை.

அவரை எதிர்கொண்டவரின் சட்டையில் 'உறவு அலுவலர்' என்று அட்டை தொங்கியது. மிருதுவான குரல். நாற்பத்து மூன்று கேள்விகள் கொண்ட படிவத்தை விரித்து வைத்துக்கொண்டார்.

"கடைசியா வேலை பார்த்த இடத்துல உங்க மேற்பார்வையாளரோட நேரடி நம்பர் சொல்லுங்க சார்."

"எதுக்குங்க?"

"உங்களைப் பத்தி நாலு நல்ல வார்த்தை கேட்டு வச்சுக்கத்தான்."

மெக்கானிக் சொன்னார்.

"எப்பக் கூப்பிட்டா எடுப்பார்?"

"பத்தரைக்கு டீ குடிப்பார். அப்ப நல்லா பேசுவார்."

"நீங்க வந்துட்டதால அங்க இப்ப லிஃப்டைப் பாக்க ஆள் இல்ல, அப்படித்தானே சார்?"

"ஆமாங்க. ரெண்டு மாசத்துல எடுப்பாங்க."

உறவு அலுவலர் அதை எழுதிக்கொண்டு அடியில் இரண்டு கோடு போட்டார். அந்தக் கேள்விக்குப் படிவத்தில் எண் எதுவும் இல்லை.

ஒன்பது நாள் கழித்து மேற்பார்வையாளர் தொலைபேசியில் கத்தினார். "டீ கிளாஸை வாயில வைக்கிறேன், போன் அடிக்குது! ஒன்பது நாளா பத்தரைக்கு டான்னு அடிக்குது! தொல்லை தாங்காம அவங்க அனுப்புன ஆளையே எடுத்துக்கிட்டேன். நான் டீ குடிக்கிற நேரத்தைக்கூட ஊரெல்லாம் சொல்லுவீங்களாய்யா?"

மெக்கானிக் உறவு அலுவலரிடம் ஓடினார்.

"உங்களைப் பத்தி ரொம்ப உயர்வாச் சொன்னார் சார்" என்றார் உறவு அலுவலர். "எல்லாத்தையும் உங்க ஃபைல்ல சேர்த்துட்டேன். அந்த இடம்தான் இப்ப காலியில்ல. சரி, வேற எங்கயாவது விண்ணப்பம் போட்டிருக்கீங்களா? ஒரே இடத்துக்கு நாங்களும் அனுப்பி, நீங்களும் போய் நின்னா குழப்பம் பாருங்க. அதுக்காகக் கேக்குறேன்."

குழப்பம் கூடாது என்பதில் மெக்கானிக்கும் உறுதியானவர். ஆகவே சொன்னார். பெரிய மருத்துவமனை. வியாழக்கிழமை பதினோரு மணி. பொறியாளர் நேரில் கேள்வி கேட்பார்.

"அட, அப்ப ஒரு பயிற்சி நேர்காணல் வச்சுக்கலாம் சார். இலவசம்" என்றார் உறவு அலுவலர். "கதவு மூடி வருது, ஆனா மறுபடி திறந்துக்குது. என்ன பண்ணுவீங்க?"

மெக்கானிக்கின் முகம் மலர்ந்தது. இருபது வருடத்தில் யாரும் இவ்வளவு அக்கறையாக அவரிடம் வேலையைப் பற்றிக் கேட்டதில்லை. "எல்லாரும் நேரா சென்சாரைக் கழட்டுவாங்க. நான் முதல்ல ஒரு துணியை எடுத்துக் கீழ கதவு ஓடுற தடத்தைத் துடைப்பேன். பத்துக்கு எட்டு தடவை அங்க ஒரு ஹேர்பின் கிடக்கும்."

"ஹேர்பின்" என்று உறவு அலுவலர் எழுதிக்கொண்டார்.

வியாழக்கிழமை மருத்துவமனையில் பொறியாளர் அறைக்கு வெளியே பெஞ்சில் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஆறு பேர் மடியிலும் காது படம் போட்ட கோப்பு. மெக்கானிக் ஏழாவதாகப் போய் நின்றார். உட்கார இடமில்லை.

அவர் முறை வந்தபோது பொறியாளர் களைத்திருந்தார். "கதவு மூடி வந்து மறுபடி திறந்துக்குது. என்ன பண்ணுவீங்க?"

"துணியால தடத்தைத் துடைப்பேன் சார். பத்துக்கு எட்டு தடவை..."

"ஹேர்பின்" என்றார் பொறியாளர்.

"ஆமா சார்."

"காலையில இருந்து ஏழாவது ஹேர்பின் நீங்க. மத்த ஆறு பேரும் சின்ன வயசு, யாரோ சொல்லிக் கொடுத்ததை ஒப்பிக்கிறாங்க, சரி. இந்த வயசுல உங்களுக்கு எதுக்குய்யா காப்பி அடிக்கிற வேலை?"

"சார், அது என்னோட பதில்."

"அதையும்தான் ஆறு பேரும் சொன்னாங்க."

முதலில் வந்தவருக்கு வேலை கிடைத்தது. அவர் அதுவரை லிஃப்டில் ஏறியிருக்கிறாரே தவிர அதன் இயந்திரத்தைப் பார்த்ததில்லை.

மெக்கானிக் இந்தத் தடவை ஆள்சேர்ப்பு நிறுவனத்தின் இயக்குநரையே பார்த்தார். இயக்குநர் எழுந்து வந்து, தோளில் கைபோட்டு உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, முழுவதையும் கேட்டார். பிறகு பேசினார்.

"உங்க வருத்தம் நியாயம். ஆனா ஒண்ணு யோசிங்க. ஒரு தொழிலாளி எங்ககிட்ட வர்றப்போ அவர்கிட்ட வேலை இல்ல. ஆனா வேலை எங்க இருக்குன்னு அவருக்குத் தெரியும். அந்த விஷயம் அவர்கிட்டயே இருந்து என்ன பிரயோஜனம்? அவருக்கு ஒரு வயிறு. எங்ககிட்ட எட்டாயிரம் பேர் பதிஞ்சிருக்காங்க. ஒரு வயிறா, எட்டாயிரம் வயிறா? நாங்க மனசாட்சிப்படி நடக்குறவங்க."

"அந்த எட்டாயிரத்துல நானும் ஒருத்தன்தானே சார்?"

"சந்தேகமே இல்ல! இன்னொருத்தர் சொல்ற இடத்துக்கு உங்களை அனுப்புவோம். உங்களை மாதிரி மனசைத் திறந்து சொல்ற ஆள் வரணும். மத்தவங்க எல்லாம் கல்லு மாதிரி உட்கார்ந்திருக்காங்க. சமுதாயம் அப்படிக் கெட்டுப்போச்சு." இயக்குநரின் குரல் கொஞ்சம் தழுதழுத்தது.

அதே வாரம் மெக்கானிக்கை வரவழைத்து 'இந்தக் காலாண்டின் வெளிப்படையான விண்ணப்பதாரர்' என்று ஒரு கண்ணாடிக் கேடயம் கொடுத்தார்கள். ஊழியர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவரால் இடம் கிடைத்த இரண்டு பேரும் வந்து புகைப்படத்தில் பக்கத்தில் நின்றார்கள். மருத்துவமனையில் சேர்ந்தவர், "அண்ணே, லிஃப்ட் கீழே இறங்குறப்போ டக்குடக்குனு சத்தம் வருது, எங்க பாக்கணும்?" என்று காதோடு கேட்டார். மெக்கானிக் சொன்னார்.

வீட்டில் அவர் மனைவி கேடயத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு அலமாரிக்குப் பின்னால் வைத்தாள். அவள் ஒரு பல் மருத்துவமனையில் காலை வேளையில் மட்டும் முன்மேசையில் உட்கார்ந்து தொலைபேசி எடுப்பவள். அவளுடைய அண்ணன், அதாவது மெக்கானிக்கின் மச்சான், பிஸ்கட் தொழிற்சாலையில் ஒப்பந்த எலெக்ட்ரீஷியன். ஏஜென்டுகளோடு பதினைந்து வருடம் பழகித் தேறியவர். செய்தி கேட்டு அன்று மாலையே வந்துவிட்டார்.

"மாப்ளே, அவங்க கேக்குற கேள்விக்குப் பதில் சொல்றதுக்கா நமக்கு வாய் இருக்கு? எங்க போட்டிருக்கீங்கன்னு கேட்டா, 'நீங்க எனக்கு எந்த இடம் பாத்து வச்சிருக்கீங்க?'ன்னு திருப்பிக் கேளுங்க. நற்சான்றுக்கு ஆள் பேர் கேட்டா, 'வேலை உறுதியானதும் தர்றேன்'னு சொல்லுங்க. இப்ப இருக்குற இடத்தைக் கேட்டா, 'சொல்ல அனுமதி இல்ல'ன்னு முடிச்சிடுங்க. அவ்வளவுதான்."

சமையலறை மேசையில் பயிற்சி நடந்தது. மனைவி ஏஜென்டாக நடித்தாள். "சார், வணக்கம், நல்லா இருக்கீங்களா? குரல் ஒரு மாதிரியா இருக்கே, வெயில்ல அலைஞ்சீங்களோ?" என்று ஆரம்பித்தாள். "ஆமாம்மா, அந்தப் புது விடுதிப் பக்கம் ஒரு ஆளைப் பாக்கப் போனேன்" என்றார் மெக்கானிக். மச்சான் தலையில் அடித்துக்கொண்டார். பன்னிரண்டாவது தடவைதான் தேறினார்.

மறுநாள் உறவு அலுவலர் என்ன கேட்டும் ஒன்றும் பெயரவில்லை. எங்கே விண்ணப்பம்? "நீங்க எந்த இடம் பாத்து வச்சிருக்கீங்க?" யாரைக் கேட்கலாம்? "வேலை உறுதியானதும் தர்றேன்." உறவு அலுவலர் பேனாவைக் கீழே வைத்தார். மெக்கானிக்குக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"பிரமாதம் சார். இப்படித்தான் இருக்கணும். உங்களுக்கு நல்லாச் சொல்லிக் கொடுத்திருக்காங்க" என்றார் உறவு அலுவலர் வருத்தமே இல்லாமல். "கடைசியா ஒண்ணே ஒண்ணு. ஆபத்தான வேலை பாக்குறவர் நீங்க. நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா நாங்க யாருக்குச் சொல்றது?"

அது வேலையைப் பற்றிய கேள்வி அல்ல. உயிரைப் பற்றிய கேள்வி. மெக்கானிக் மச்சான் பேரையும் எண்ணையும் சொன்னார்.

"பகல்ல போன் எடுக்கலேன்னா எங்க போய்ப் பிடிக்கிறது சார்? அவசரம்னா அவசரம்தானே."

தொழிற்சாலையின் பேர், பகுதி, ஷிஃப்ட் நேரம், மச்சானின் மேலதிகாரியின் நேரடி எண் எல்லாவற்றையும் மெக்கானிக் சொன்னார். நாளைக்கு அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் தகவல் போய்ச் சேர வேண்டுமே.

தகவல் போய்ச் சேர்ந்தது. மாதக் கடைசியில் பிஸ்கட் தொழிற்சாலை மச்சானின் ஒப்பந்தத்தை நீட்டிக்காமல், காது படம் போட்ட கோப்போடு வந்த இரண்டு எலெக்ட்ரீஷியன்களை எடுத்துக்கொண்டது. மச்சான் வந்து வாசலிலேயே நின்றார்.

"என் மேலதிகாரி நம்பர் அவங்களுக்கு எப்படி மாப்ளே கிடைச்சுது?"

கேட்டால் சொல்லிவிடுவது மெக்கானிக்கின் சுபாவம். சொன்னார். மச்சான் அதற்கப்புறம் அந்த வீட்டுக்கு வரவில்லை. தங்கச்சியிடம் மட்டும் போனில், "உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு. இனிமே யாராவது எதையாவது கேட்டா, வாய்க்கு வந்த பொய்யை அவுத்து விடச் சொல்லு" என்றார்.

மெக்கானிக் பொய் சொல்லத் தீர்மானித்தார். அவருடைய ஆயுளில் அது முதல் பொய் என்பதால் பெரிதாகவே சொன்னார். அடுத்த தடவை கேட்டபோது ஜன்னலுக்கு வெளியே ஒரு மேகம் தெரிந்தது. "வெண்முகில் டவர்ஸ்" என்றார். "முப்பத்திரண்டு மாடி. எட்டு லிஃப்ட். அங்கதான் போய்ப் பேசிட்டு வந்தேன். மேலாளர் ஒரு அம்மா."

அப்படி ஒரு கட்டடம் எங்குமே இல்லை. இனி இவர்கள் ஆள் அனுப்பிப் பார்க்கட்டும் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டார்.

உறவு அலுவலர் புன்னகைத்தார். "ஓ, வெண்முகிலா! பதினொரு வருஷமா நம்மகிட்டதான் ஆள் எடுக்குறாங்க."

மூன்றாம் நாள் அவரே கூப்பிட்டார். "சார், எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அந்த அம்மாகிட்ட பேசினேன். உங்களைப் பத்தி நல்ல அபிப்பிராயம் இல்ல. நேரத்துக்கு வர்றதில்ல, ஏட்டிக்குப் போட்டியா பேசுறார்னு சொன்னாங்க. ஃபைல்ல ஏத்த வேண்டியதாப் போச்சு."

மெக்கானிக் நேரே இயக்குநர் அறைக்குள் நுழைந்தார். "சார், அப்படி ஒரு கட்டடமே கிடையாது! நான் சும்மா சொன்னேன்!"

இயக்குநர் கணினியைத் திருப்பிக் காட்டினார். வெண்முகில் டவர்ஸ். முப்பத்திரண்டு மாடி. எட்டு லிஃப்ட். சென்ற மாதம் மட்டும் நான்கு பேர் அங்கே பணியமர்த்தப்பட்டிருந்தார்கள்.

"அந்த நாலு பேரும் எங்க சார் வேலை பாக்குறாங்க?"

"அங்கதான்."

"அது இல்லையே சார்!"

"நீங்க இல்லேங்கிறீங்க. பதிவேடு இருக்குங்குது. ஒரு நிறுவனம் தனி ஒருத்தர் பேச்சை நம்பியா நடக்க முடியும்?" இயக்குநர் நிதானமாகவே சொன்னார். "பாருங்க, நீங்க எதைச் சொன்னாலும் நாங்க மறுப்பு சொல்லாம ஏத்துக்குறோம். உங்க பொண்டாட்டி பிள்ளைங்ககூட அப்படி ஏத்துக்க மாட்டாங்க. இப்ப வந்து அதைப் பொய்ங்கிறீங்க. ஒரு நல்ல வாடிக்கையாளரை அவதூறு பண்ணாதீங்க. அந்த அம்மாகிட்ட இருந்து ஒரு நற்சான்று வாங்கிட்டு வாங்க. அதுவரைக்கும் உங்க ஃபைலை நாங்களும் தொட மாட்டோம், எங்களோட தொடர்புல இருக்குற மத்த ஏழு நிறுவனமும் தொடாது."

அந்த ஊரில் மொத்தமே எட்டு நிறுவனங்கள்தான் இருந்தன.

மெக்கானிக் வீட்டுக்கு வந்து இல்லாத அம்மாளிடம் நற்சான்று வாங்க வேண்டிய கதையைச் சொன்னார். மனைவி கையைத் துடைத்துக்கொண்டு தொலைபேசியை எடுத்தாள். பல் மருத்துவமனையில் வலியோடு கூப்பிடுகிறவர்களை அடுத்த வாரம் வரச் சொல்லும் அதே குரலில் பேசினாள்.

"வெண்முகில் டவர்ஸ் மேலாளர் பேசுறேன். அந்த மெக்கானிக்கைப் பத்தி நான் சொன்னது தப்பு. வேற ஆளை நினைச்சுக்கிட்டுச் சொல்லிட்டேன். அவர் தங்கமான மனுஷன். திருத்திக்கோங்க."

"ரொம்ப நன்றி மேடம்" என்றார் உறவு அலுவலர். "இப்ப உங்க எட்டு லிஃப்டையும் யார் மேடம் பாக்குறாங்க?"

"அதை எதுக்கு உங்களுக்குச் சொல்லணும்? முதல்ல உங்க இயக்குநர் பேர் சொல்லுங்க. அவர் எத்தனை மணிக்கு ஆபீஸ் வருவார்? உங்களுக்கு இந்த மாசம் எத்தனை ஆள் சேர்க்கணும்னு இலக்கு? எத்தனை முடிச்சிருக்கீங்க? ஏன் குறையுது?"

உறவு அலுவலர் ஐந்தே நிமிடத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். இலக்கு எட்டாததால் தன்னை நீக்கப்போகிறார்கள் என்று சொல்லும்போது அழுதேவிட்டார். இயக்குநர் அந்த உரையாடலின் பதிவைக் கேட்டார். இரண்டு முறை கேட்டார். பிறகு வெண்முகில் டவர்ஸ் மேலாளருக்கு வேலை கொடுக்கிறோம் என்று அதே எண்ணுக்குக் கூப்பிட்டார். உறவு அலுவலரின் நாற்காலி அன்று மத்தியானமே காலியாகியிருந்தது.

"போகட்டுமாங்க?" என்று மனைவி கேட்டாள். "மூணு மாசம் தற்காலிகம். இலக்கை முடிச்சா நிரந்தரம் பண்ணுவாங்களாம். வீட்ல யாராவது ஒருத்தருக்காவது நிலையான வேலை வேணாமா?"

வேண்டும்தான். அவள் போனாள். மெக்கானிக்கின் கோப்பைத் திறந்து நற்சான்றை அவளே சேர்த்தாள். ஆனால் அனுப்ப இடமில்லை. மற்றவர்கள் யாரும் தங்களுக்குத் தெரிந்த இடத்தைச் சொல்வதில்லை.

மெக்கானிக் தெருத்தெருவாக நடந்தார். ஒருநாள் காலை ஒரு பழைய ஏழு மாடிக் குடியிருப்பைத் தாண்டும்போது உள்ளே யாரோ கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. லிஃப்ட் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே நின்றிருந்தது. உள்ளே குடியிருப்போர் சங்கத் தலைவி. மெக்கானிக் இருபது நிமிடம் ஆகும் என்றார். பதினெட்டு நிமிடத்தில் இறக்கிவிட்டார். தலைவி அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "நாளையில இருந்து வர முடியுமா?"

ஐந்து வாரம் அந்த வேலையில் இருந்தார். பழைய இயந்திரம், கனமான கயிறு, எண்ணெய் வாசனை. தலைவி தினமும் ஒரு நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். வீட்டில் மட்டும் அவர் மூச்சு விடவில்லை. சும்மா நடந்துவிட்டு வந்தேன் என்பார். சட்டையைத் தானே துவைத்துக்கொண்டார். ஆயுளில் அவர் கட்டிக்காத்த ஒரே ரகசியம் அதுதான். அதில் ஒரு கள்ளச் சந்தோஷம்கூட இருந்தது.

ஆறாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை மனைவி அவருக்கு நகம் வெட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். வலது கைக் கட்டைவிரலில் அவருக்குப் பிடி சரியாக வராது என்பதால் வருடக்கணக்காக அவள்தான் வெட்டுவாள். நக இடுக்கில் கறுப்பு இருந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

"ஏங்க, வேலை கிடைச்சிடுச்சா?"

அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அவர் தலையாட்டினார்.

"எந்த இடம்?"

அவர் சொன்னார். ஏழு மாடி என்றார். தலைவி பத்து மணிக்குக் கீழே இறங்கி வருவார் என்றார். நல்ல மனுஷி, எதைச் சொன்னாலும் மறுக்கத் தெரியாது என்றும் சொன்னார். அவள் அவருடைய விரலை விடாமல் பிடித்துக்கொண்டு கடைசிவரை கேட்டாள்.

வியாழக்கிழமை அவர் போனபோது நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். மடியில் காது படம் போட்ட கோப்பு. தலைவி கண்ணைப் பார்க்காமல் பேசினார். "என்ன செய்யறது சொல்லுங்க. உங்க ஆபீஸ்ல இருந்து ஒரு அம்மா பேசினாங்க. அவ்வளவு அனுசரணையாப் பேசினாங்க. நீங்க அடுத்த வாரத்தோட போயிடுவீங்க, அதுக்குள்ள ஆள் போட்டாகணும்னாங்க. எனக்கு அவங்ககிட்ட முடியாதுன்னு சொல்ல வாய் வரல."

வீட்டில் மனைவி சோறு போட்டு மூடி வைத்திருந்தாள். அழுதிருக்கிறாள் என்று தெரிந்தது. முகம் கழுவியிருக்கிறாள் என்பதும் தெரிந்தது.

"இலக்குக்கு ஒண்ணே ஒண்ணுதாங்க குறைஞ்சுது" என்றாள். "நேத்தோட மூணு மாசம். யார்கிட்ட கேட்டும் பெயரலை. உங்களை விட்டா நான் வேற யார்கிட்ட கேப்பேன்? என்னை நிரந்தரம் பண்ணிட்டாங்க."

அவர் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்ததும் அவள் பையிலிருந்து படிவத்தை எடுத்தாள்.

"உங்க விவரம் பழசாயிடுச்சு. புதுசா ஏத்தினாத்தான் அடுத்த இடத்துக்கு அனுப்ப முடியும். நான் பாத்து அனுப்புறேன், கவலைப்படாதீங்க. கடைசியா வேலை பார்த்த இடம்?"

"உனக்குத் தெரியாதா?"

"தெரியும். நீங்க வாயால சொல்லி நான் எழுதணும். விதி அப்படி."

அவர் சொன்னார். அவள் எழுதினாள்.

"அங்கிருந்து ஏன் விலகுனீங்க?"

மெக்கானிக் தட்டை ஓரமாக நகர்த்தினார். பிறகு, "நீ கேட்டே. நான் சொன்னேன்" என்றார்.

அவள் பேனாவை வாயில் வைத்து யோசித்தாள். அவ்வளவு நீளமாக எழுத அந்தக் கட்டத்தில் இடமில்லை. 'குடும்பக் காரணம்' என்று எழுதி, கையெழுத்துக்காகப் படிவத்தை அவர் பக்கம் திருப்பினாள்.